மனோங் என்று கூப்பிட ஆள் வந்தார்கள்

அவையோருக்கு வணக்கம்.

பிலிப்பைன்ஸின் இலோகானோ மொழியில் ‘மனோங்’ என்றால் அண்ணன். கூடப் பிறந்திருக்க வேண்டும் என்பதில்லை. நம் ஊரில் மூத்தவர் யாரையும் அண்ணே என்கிறோமே, அதே மாதிரிதான்.

அமெரிக்காவில் வளரும் பிலிப்பினோ பிள்ளையை நினைத்துப் பாருங்கள். வீட்டில் தாத்தாவைக் கண்டால் ‘மானோ போ’ என்று சொல்லி, அவர் கையை எடுத்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொள்கிறது. வாசலைத் தாண்டினால் அது யாருக்கும் புரியாது. பாடப்புத்தகத்திலும் தன் ஆட்களைப் பற்றி ஒரு வரி இல்லையென்றால் அந்தப் பிள்ளை எதைச் சொல்லிப் பெருமைப்படும்?

சொல்ல எவ்வளவோ இருக்கிறது. 1965 செப்டம்பர் 8 அன்று கலிஃபோர்னியாவின் டிலேனோவில் திராட்சைத் தோட்டத்துப் பிலிப்பினோக்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். கேட்ட கூலி மணிக்கு 1.40 டாலர். முன்னால் நின்றவர் லாரி இட்லியோங், பதின்வயதில் கப்பலேறி வந்தவர். ஒரு வாரம் கழித்து சீசர் சாவேஸின் விவசாயத் தொழிலாளர் சங்கம், பெரும்பாலும் மெக்சிகோ வழிவந்தவர்கள், அவர்களோடு சேர்ந்தது. 1970இல் முதலாளிகள் இறங்கி வந்தார்கள். சாவேஸை உலகம் கொண்டாடுகிறது, கொண்டாட வேண்டியவர்தான். ஆனால் முதலில் களம் இறங்கிய இட்லியோங்கையும் பிலிப் வேரா குருஸையும் எத்தனை பேருக்குத் தெரியும்? இந்தப் போராட்டத்தில் பிலிப்பினோக்களின் பங்கைப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கக் கலிஃபோர்னியாவில் சட்டம் வந்ததே 2013இல்தான். எனக்கு இது மனசு ஆறாத விஷயம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போராடியவர்களில் பலர் அப்போதே முதியவர்கள், தனிக்கட்டைகள். 1920களில் வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். வெள்ளைக்காரப் பெண்ணை மணக்கக் கலிஃபோர்னியச் சட்டம் 1948 வரை தடையாக நின்றது. 1934க்குப் பிறகு பிலிப்பைன்ஸிலிருந்து வருடத்துக்கு 50 பேருக்குத்தான் அனுமதி. அப்புறம் குடும்பம் எங்கிருந்து வரும்? வாலிபம் முழுக்கத் தோட்டத் தொழிலாளர் முகாம் கட்டிலில் கழிந்தது.

அந்த முதியவர்களுக்காக டிலேனோவில் அக்பயானி கிராமம் என்று ஒரு குடியிருப்பை விவசாயத் தொழிலாளர் சங்கம் கட்டி, 1974இல் திறந்தது. கட்ட வந்த தொண்டர்களில் அமெரிக்காவில் வளர்ந்த பிலிப்பினோ மாணவர்களும் இருந்தார்கள். பாடப்புத்தகம் சொல்லாததை அங்கே நேரில் கேட்டார்கள். சொந்தப் பேரப்பிள்ளைகள் இல்லாத அந்தக் கிழவர்களை அவர்கள் மனோங் என்றே அழைத்தார்கள்.