காதைப் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறு

[கறுப்புத் திரை. ஒரு பியானோ சுரம். மீண்டும் அதே சுரம், சற்றே இறங்கி.]

மாயத்தோற்றம் தரும் மருந்து என்றதும் சுழலும் வண்ணங்கள்தாம் நினைவுக்கு வரும். டிஐபிடி என்ற செயற்கைச் சேர்மம் அந்த வழியில் போவதில்லை. கண்ணைப் பெரும்பாலும் விட்டுவிட்டுக் காதைப் பிடித்துக்கொள்கிறது.

அமெரிக்க வேதியியலாளர் அலெக்சாண்டர் ஷல்ஜின் 1980இல் இதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். 1997இல் மனைவி ஆன் ஷல்ஜினுடன் எழுதிய ‘டிஹ்கால்’ நூலில், உட்கொண்டவர்களின் குறிப்புகள் வருகின்றன. வானொலிக் குரல்கள் தடித்துவிடுகின்றன. இசை சுருதி கெட்டு ஒலிக்கிறது.

சுருதி இறங்கினால் என்ன? கட்டை குறைத்துப் பாடினால் ராகம் மாறிவிடுகிறதா?

[திரையில் 440, 660.]

440 ஹெர்ட்ஸ் ஸட்ஜம் என்றால் பஞ்சமம் 660. இரண்டுக்கு மூன்று. இரண்டையும் பாதியாக்கினால் 220, 330. விகிதம் அப்படியே இருக்கிறது, இனிமையும் போகவில்லை. இப்போது இரண்டிலும் 100ஐக் கழியுங்கள்.

[எண்கள் 340, 560 ஆகின்றன. இரண்டும் சேர்ந்து ஒலிக்கின்றன.]

பஞ்சமத்தைக் காணோம். தைவதத்தை நெருங்கி, அதிலும் நிற்காமல் தொங்குகிறது. 100 என்பது விளக்கத்துக்காக நான் எடுத்த எண். ஆனால் அந்தக் குறிப்புகள் சொல்வது இந்த வகைக் குலைவைத்தான்.

வலிப்பு நோய்க்குத் தரப்படும் கார்பமசெபைன் மாத்திரையும் சிலருக்குச் சுரத்தை ஏறக்குறைய அரைச்சுரம் இறக்கிக் காட்டும். பியானோ பழகிய நோயாளிகள் அதை உடனே கண்டுகொள்கிறார்கள்.

[இரண்டு மூலக்கூறுகள் அருகருகே.]

டிஐபிடியில் 16 கார்பன், 24 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன். டிபிடி என்ற இன்னொரு சேர்மத்திலும் இதே அணுக்கள், இதே எண்ணிக்கை. அதில் ஒரு நைட்ரஜனைப் பற்றியிருக்கும், மூன்று கார்பன் கொண்ட இரு துண்டுகளும் நேராக நீள்கின்றன. டிஐபிடியில் கவட்டை போலப் பிரிகின்றன. டிபிடியோ பார்வையையும் சேர்த்து ஆட்டிவைக்கிறது. நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள் செரோடோனின். இரண்டும் அதை ஏற்கும் ஏற்பிகளில்தான் போய் ஒட்டுகின்றன. காதிலிருந்து வரும் ஒலிச் செய்தி மூளையில் முதலில் இறங்கும் நரம்புக் கணுவிலும் செரோடோனின் நரம்புகள் உண்டு. எனக்குச் சந்தேகம் அங்கேதான் விழுகிறது.

ஒரு தயக்கமும் உண்டு. ‘டிஹ்கால்’ குறிப்புகளை எழுதியவர்கள் ஒரு சிலரே. எதை விழுங்கினோம் என்று தெரிந்தே எழுதியவர்கள். ஒப்பிட்டுப் பார்க்கப் போலி மாத்திரை கிடையாது. இது ஆபத்தற்றது என்பதற்கு அவற்றைச் சான்றாகக் காட்ட முடியாது.

2022 ஜனவரியில் அமெரிக்கப் போதைப்பொருள் தடுப்பு அமைப்பு, டிஐபிடியையும் அது சேர்ந்த டிரிப்டமின் குடும்பத்தின் வேறு 4 சேர்மங்களையும், கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருள்களின் மிகக் கடுமையான முதல் அட்டவணையில் சேர்க்க முன்மொழிந்தது. ஆய்வாளர்கள் ஆட்சேபித்தார்கள். ஜூலையில் அந்த முன்மொழிவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

[அதே பியானோ சுரம், இம்முறை இறங்காமல்.]