வாக்கிங் போனால் மட்டும் போதுமா? ஒரு நாற்காலியை எடுத்துப் போடுங்க!

வணக்கம் மக்களே. இன்றைக்குப் பார்க்குக்குப் போகவில்லை, வீட்டு ஹாலில்தான் இருக்கிறேன், போனை டிவி ஸ்டாண்டில் சாய்த்து வைத்திருக்கிறேன், ஆடினால் கண்டுக்காதீங்க.

என் வயதுக்காரர்களிடம் உடற்பயிற்சி உண்டா என்று கேட்டால் "தினமும் வாக்கிங் போறேனே" என்கிறார்கள். நல்லது, விடாதீர்கள். ஆனால் அது பாதி வேலைதான். 65 தாண்டியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் வேக நடை மாதிரி ஏதாவது செய்ய வேண்டும், அதோடு 2 நாளாவது தசைக்கு வலு தரும் பயிற்சி, 3 நாளாவது தடுமாறாமல் நிற்கப் பழகும் பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் 2020-லேயே சொல்லிவிட்டது. நாம் அந்த 150 நிமிடத்தை மட்டும் பிடித்துக்கொண்டோம். பாத்ரூமில் கால் வழுக்கும்போது நம்மை நிறுத்துவது தொடையில் இருக்கிற பலம்தான், அது வயது ஏற ஏறக் கரைந்துகொண்டே போகும். இதில் பிள்ளைகள் வேறு, "நீ உட்காரும்மா, நான் எடுத்துத் தர்றேன்" என்று பாசத்திலேயே நம்மை முடக்கிவிடுவார்கள்!

சரி, நாற்காலிக்கு வருவோம். சறுக்குகிற பிளாஸ்டிக் சேர் வேண்டாம், கனமானதாக எடுத்து முதுகுப் பக்கம் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். நுனிக்கு வந்து உட்கார்ந்து, கைகளை மார்பில் குறுக்கே வைத்து, கை ஊன்றாமல் எழுந்திருங்கள், பிறகு மெதுவாக, பொத்தென்று விழாமல், உட்காருங்கள். அந்த இறங்குகிற நேரத்தில்தான் தொடைக்கு உண்மையான வேலை, அதை அவசரப்பட்டு முடித்தால் பாதிப் பலன் போச்சு. பிசியோதெரபிஸ்டுகள் 30 நொடியில் எத்தனை முறை எழுகிறோம் என்று எண்ணித்தான் கால் பலத்தைக் கணக்கிடுகிறார்கள். முதலில் கை ஊன்றித்தான் எழ முடிகிறது என்றால் ஊன்றியே எழுந்திருங்கள், தப்பில்லை.

அப்புறம் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, ஒற்றைக்காலில் நிற்பது. குக்கர் விசில் வருவதற்குள் செய்துவிடலாம்.

"இனிமேல் செஞ்சு என்ன ஆகப்போகுது" என்பவர்களுக்கு ஒன்று. நம்ம கோவை நானம்மாள் பாட்டி, 2018-ல் பத்மஸ்ரீ வாங்கியவர், அவரைக் காட்டினால் "அவங்க சின்ன வயசுலேர்ந்து யோகா செஞ்சவங்க" என்று தப்பித்துவிடுவீர்கள். அதனால் வேறு கதை. 1990-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், பாஸ்டன் முதியோர் இல்லம் ஒன்றில் 90 வயதை ஒட்டிய, நன்றாகத் தளர்ந்துபோனவர்களுக்கு 8 வாரம் காலுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களின் கால் பலம் சராசரியாக இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. பத்துப் பேர் அளவிலான சின்ன ஆய்வுதான், இருந்தாலும் அந்த வயதில்!

முட்டி ஆபரேஷன் செய்தவர்கள், எழுந்தால் தலை சுற்றுகிறவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள், இன்சுலின் போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் செய்யாதீர்கள், நெஞ்சில் வலி வந்தால் உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரி.

இப்போதே 30 நொடி வைத்துப் பார்த்து, எத்தனை வந்தது என்று கீழே போடுங்க. கை ஊன்றி எழுந்ததையும் சேர்த்து எண்ணிட்டு வரக்கூடாது, ஆமாம்!