டிசைன் பேட்டர்னைச் சூத்திரத்தில் எழுதினால்
(சேலத்தில் கணினித்துறை மாணவர்களிடையே ஆற்றிய உரை)

எல்லோருக்கும் வணக்கம்.

காமா, ஹெல்ம், ஜான்சன், விலிசிடஸ் என்ற நால்வர் 1994இல் 23 டிசைன் பேட்டர்ன்களை, அதாவது நிரல் எழுதும்போது திரும்பத் திரும்ப வரும் சிக்கல்களுக்கான தீர்வு வடிவங்களைத் தொகுத்துப் புத்தகமாகப் போட்டார்கள். உரைநடை, படம், கொஞ்சம் சி++, ஸ்மால்டாக் நிரல் என்று விளக்கம் அருமையாக இருக்கும். ஆனால் அதைப் படித்துவிட்டு இரண்டு பேர் எழுதும் நிரல் இரண்டு விதமாக நடந்துகொள்ளும்.

அந்த 23இல் ஒன்றான அப்சர்வரையே எடுத்துக்கொள்வோம். நம்ம செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி விலை மாறினால் கொலுசுப் பட்டறைகளுக்கெல்லாம் தகவல் போகவேண்டும். விலையை வைத்திருப்பது சப்ஜெக்ட், பட்டறைகள் அப்சர்வர்கள். விலை மாறியதும் நோட்டிஃபை ஓடி, பட்டியலில் உள்ள ஒவ்வொருவரின் அப்டேட்டையும் கூப்பிடும். அவ்வளவுதானே?

சரி, நோட்டிஃபை பாதியில் இருக்கும்போது ஒரு பட்டறை பட்டியலிலிருந்து விலகினால்? ஜாவாவில் அசட்டையாக எழுதியிருந்தால் பெரும்பாலும் எக்ஸெப்ஷன்தான், அதாவது ஓடும்போதே ஒரு பிழைதான் வந்து விழும். ஒருவருடைய அப்டேட்டே விலையை மறுபடி மாற்றிவிட்டால்? கடைசியில் இருப்பவருக்குப் புது விலைக்கு அப்புறம் பழைய விலை போய்ச் சேரக்கூடும்.

இப்போது இதையே உரைநடையாக இல்லாமல், சூத்திரமாக மாற்றக்கூடிய ஒரு விதியாக எழுதுவோம். "பட்டியலில் உள்ள எந்த அப்சர்வரை எடுத்தாலும், சப்ஜெக்டின் நிலை மாறினால், பிறகு எப்போதாவது அவரிடமும் அதே நிலை இருக்கும்." எழுதியவுடனே இடிக்கிறது. இடையில் அவர் விலகியிருக்கலாம், விலையே மறுபடி மாறியிருக்கலாம். இரண்டு "அல்லது" சேர்த்தால்தான் விதி நிற்கிறது. உரைநடையில் இந்த இரண்டையும் யாரும் கேட்கமாட்டார்கள். எனக்கு இந்த முறையில் பிடித்ததே அதுதான்.

இந்த விதியைச் சூத்திரமாக்க, "எந்த அப்சர்வரும்" என்பதற்கு முதல்நிலைத் தர்க்கம் போதும்; "எல்லாவற்றுக்கும்", "ஏதோ ஒன்றுக்கு" என்றெல்லாம் அதில் எழுதலாம். "பிறகு எப்போதாவது" என்பதற்கு, எது எப்போது உண்மையாகும் என்று சொல்லும் காலத் தர்க்கம் வேண்டும். கணினி விஞ்ஞானி லெஸ்லி லாம்போர்ட்டின் டிஎல்ஏ (டெம்பரல் லாஜிக் ஆஃப் ஆக்‌ஷன்ஸ்) அந்த வகை. அதன் முக்கியமான கட்டுரையும் 1994தான். அம்னான் ஈடனின் லெபஸ் மொழி பேட்டர்னின் கட்டமைப்பைத் தர்க்கத்தில் சொல்கிறது. தௌஃபிக் தைபியின் பிபிஎஸ்எல் என்ற மொழி, கட்டமைப்புக்கு முதல்நிலைத் தர்க்கத்தையும் நடத்தைக்கு டிஎல்ஏவையும் சேர்த்துக்கொண்டது.

ஆனால் எல்லாம் சூத்திரத்தில் அடங்காது. அதே 23இல் உள்ள ஸ்டேட் (நிலைக்கேற்ப நடத்தை மாறுவது), ஸ்ட்ராட்டஜி (வழிமுறையை மாற்றிக்கொள்வது) இரண்டின் கிளாஸ் படத்தையும் பக்கத்தில் வையுங்கள். பெயரை மறைத்தால் எது எது என்று சொல்ல முடியாது. நிலை எப்படி மாறுகிறது என்று எழுதினால் ஓரளவு பிரியும். எதற்காக இந்த வடிவம் என்பதை மட்டும் உரைநடையில்தான் எழுதியாக வேண்டும்.

புராஜெக்டில் அப்சர்வர் வைத்திருப்பவர்கள், நோட்டிஃபை ஓடும்போதே ஒருவரை டிடாச் செய்து, அதாவது பட்டியலிலிருந்து விலக்கிப் பாருங்கள். இனி கேள்விகள் கேட்கலாம்.