10,080 காரணிகள் உடைய ஓர் எண்

அவையோருக்கு வணக்கம். பகா எண்களின் பெருமையை மேடைகளில் நிறையவே பேசிவிட்டோம். அவற்றுக்கு நேர் எதிர்த்திசையில் நிற்கும் ஓர் எண்ணை இன்று எடுத்துக்கொள்கிறேன். 67,46,32,83,88,800 என்பது அந்த எண். ஆறே முக்கால் லட்சம் கோடியை நெருங்கும் இதற்கு, ஒன்றையும் தன்னையும் சேர்த்து, 10,080 காரணிகள் உள்ளன. இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை காரணிகள் கிடையா.

இவ்வாறு தனக்கு முந்தைய எண்கள் அனைத்தையும் காரணிகளின் எண்ணிக்கையில் விஞ்சுபவை உயர் பகு எண்கள். 12, 24, 36, 48, 60 என இவை தொடர்கின்றன. இவற்றை ஆராய்ந்து சீனிவாச இராமானுஜன் எழுதிய நீண்ட கட்டுரை 1915இல் லண்டன் கணிதக் கழகத்தின் வெளியீட்டில் வந்தது. அந்த ஆய்வுக்காகவே 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் அளித்தது. கழகத்தின் நிதி நெருக்கடியால் அச்சேறாமல் நின்ற எஞ்சிய பகுதி 1997இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. நான் சொன்ன எண், 1915ஆம் ஆண்டுக் கட்டுரையிலுள்ள பட்டியலின் கடைசி எண்.

அதைப் பகாக் காரணிகளாகப் பிரித்தால் 2, 3, 5, 7 ஆகியவற்றின் அடுக்குகள் முறையே 6, 4, 2, 2 என்றும், 11, 13, 17, 19, 23 ஆகிய ஐந்துக்கும் 1 என்றும் கிடைக்கும். ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டி, வருவனவற்றைப் பெருக்கினால் 10,080. அடுக்குகள் எங்கும் ஏறவில்லை என்பதைக் கவனியுங்கள். 18ஐப் பாருங்கள்: அதில் 2 ஒரு முறையும் 3 இரு முறையும் உள்ளன, அடுக்குகளை இடம் மாற்றினால் 12 வரும், இரண்டுக்கும் காரணிகள் ஆறே. அதே எண்ணிக்கை சிறிய எண்ணிலேயே கிடைத்துவிடுவதால் 18 உயர் பகு எண்ணாக முடியாது. இது எளிய வாதம். ஆனால் 4, 36 என்னும் இரண்டைத் தவிர எல்லா உயர் பகு எண்களிலும் கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 1தான் என்று இராமானுஜன் நிறுவியதற்கு மிக நுட்பமான கணிப்பு வேண்டியிருந்தது. என் மதிப்பில் அக்கட்டுரையின் அழகு இங்கேதான் தொடங்குகிறது.

அந்த 23 அவசியந்தானா? அதை நீக்கி, 22ஆல், அதாவது 2ஆலும் 11ஆலும் பெருக்கிப் பார்ப்போம். எண் சற்றே சிறுக்கிறது. காரணிகளோ 8,640 ஆகக் குறைந்துவிடுகின்றன. புதிதாகச் சேரும் ஒரு பகா எண் காரணிகளை இரட்டிப்பாக்குகிறது. 2ஐயும் 11ஐயும் மேலும் ஒரு முறை சேர்ப்பதால் அந்த அளவு பெருக்கம் கிடைப்பதில்லை.

23ஐ நீக்கியதோடு நிறுத்திக்கொண்டால் 2,93,31,86,25,600 எஞ்சும். 5,040 காரணிகள் உடைய இதுவும் ஓர் உயர் பகு எண்ணே. ஆனால் இராமானுஜனின் பட்டியலில் இது மட்டும் விடுபட்டிருக்கிறது. கணிப்பொறி இல்லாத காலத்தில் கையால் கணித்த பட்டியலில் நேர்ந்த இந்த விடுபடல் அவருடைய தேற்றங்களைச் சிறிதும் பாதிக்கவில்லை. விடுபட்ட எண்ணின் அடுக்குகளும் 6, 4, 2, 2, 1, 1, 1, 1 என்று அவர் வகுத்த ஒழுங்கிலேயே இறங்குகின்றன.