எத்தனை பேரைத் தெரிவு செய்யவில்லை?

(மட்டக்களப்புக் கல்லடியில் ஒரு வாசிகசாலை நடத்திய பெற்றோர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. ஒலிப்பதிவைக் கேட்டு எழுதும்போது சில இடங்களைத் திருத்தினேன். சில இடங்களை வேண்டுமென்றே திருத்தவில்லை.)

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, எத்தனையோ கோப்புகளுக்கு நடுவில் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பிரதேச செயலாளர் அவர்களே, வைகாசிச் சடங்கு வேலைகள் தொடங்கிவிட்ட இந்த நேரத்திலும் வருகை தந்திருக்கும் ஆலய வண்ணக்கர் ஐயா அவர்களே, அருட்சகோதரி அவர்களே, அதிபர்களே, சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் அவர்களே, மாதர் சங்கத் தலைவி, செயலாளர், பொருளாளர் ஆகியோரே! பொருளாளரைத் தனியாகச் சொல்லாமல் விட்டால் அடுத்த கூட்டத்துக்குத் தேநீர் வராது என்பது எனக்குத் தெரியும். தாய்மாரே, தந்தைமாரே, பின்வரிசையில் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

பொன்னாடை போர்த்திக் கௌரவித்தீர்கள். நன்றி. ஆனால் முப்பத்தொரு வருடம் நெசவுப் போதனாசிரியையாக இருந்தவளின் கை துணியில் பட்டால் சும்மா இராது. தொட்டுப் பார்த்துவிட்டேன். இது பொலியெஸ்டர். விசைத்தறியில் ஓடி, கப்பலில் வந்து இறங்கியது. கைத்தறிக்குப் பேர்போன மருதமுனைக்கு நீங்கள் கப்பல் ஏறத் தேவையில்லை, கல்முனை பஸ்ஸில் ஏறினால் போதும். இதைப் பிறகு பேசுகிறேன். பேசாமல் போக மாட்டேன் என்பது தலைவருக்குத் தெரியும், அதனால்தான் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்திருக்கிறார்.

மொடலிங் பற்றிப் பேச ஒரு நெசவுக்காரியைக் கூப்பிட்டது ஏன் என்று சிலர் வாசலில் கேட்டார்கள். துணி இல்லாமல் மொடல் ஏது? உடுப்பை விற்பதற்கு ஒரு பிள்ளை அதை உடுத்திக் காட்டுகிறாள், ஒரு பையன் உடுத்திக் காட்டுகிறான். அது ஒரு தொழில். கேவலமும் இல்லை, சொர்க்கமும் இல்லை. "என் மகள் மொடலாக வேண்டும் என்கிறாள், அடிக்கவா அனுப்பவா" என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். இரண்டும் வேண்டாம். கூடப் போங்கள் என்றேன். இன்று ஐந்து விடயங்கள் சொல்லப் போகிறேன்: பணம், படம், தாள், வயது, ஐந்தாவதாகப் படிப்பு.

முதலில் பணம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. என் அம்மம்மா வாவிக்கரையில் பிறந்தவர், அதனால் அவர் வாயில் அது "வாவியில் போட்டாலும் அளந்து போடு" என்றுதான் வரும். எங்கள் வீட்டில் அரிசி போடுவதற்கும் அதுதான், பெண் கொடுப்பதற்கும் அதுதான். மொடலிங்குக்கும் அதுவே போதும். பணம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள். உண்மையான முகவர் நிலையம் உங்கள் பிள்ளைக்கு வேலை எடுத்துக் கொடுக்கும். வேலைக்குக் கிடைத்த சம்பளத்தில் தன் தரகை எடுத்துக்கொள்ளும். வெளிநாடுகளில் அது பெரும்பாலும் ஐந்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். பிள்ளை உழைக்காவிட்டால் முகவருக்கும் வருமானம் இல்லை, ஆகவே உழைக்கக்கூடிய பிள்ளையைத்தான் அவர் தேடுவார். வேலைக்கு முன்பே உங்களிடம் காசு வாங்குகிறவருக்கு அந்தத் தேவை இல்லை. அவருடைய வருமானம் நீங்கள்தான். பிரித்தானியாவில் 2010ஆம் ஆண்டிலிருந்து புகைப்பட, நவநாகரிக மொடல்களிடம் முகவர்கள் முன்பணம் வாங்குவது சட்டப்படி தடை. அங்கேயும் அவ்வளவு பேர் ஏமாந்திருக்கிறார்கள் என்றுதான் அதற்குப் பொருள்.

நாங்களும் ஏமாந்தோம். அந்தக் கதையைச் சொல்லாமல் விட்டால் இன்று வீட்டில் எனக்குச் சோறு இல்லை, ஏனென்றால் கதையின் நாயகி பின்வரிசையில்தான் இருக்கிறாள்.

என் கடைக்குட்டித் தங்கையின் மகள். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த காலம். உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். பேஸ்புக்கில் ஒரு செய்தி வந்தது: "உங்கள் முகத்தை எங்கள் நடுவர் குழு தெரிவு செய்திருக்கிறது. கொழும்பில் நேர்முகத் தேர்வு. பதிவுக் கட்டணம் மூவாயிரம் ரூபா." தங்கை எனக்குச் சொல்லாமல் மூவாயிரத்தையும் அனுப்பிவிட்டாள். பிறகு தோட்டையும் அடகு வைத்தாள். பிறகுதான் "அக்கா, கொழும்புக்கு ஒரு துணை வேண்டும்" என்று வந்து நின்றாள். இரவு பஸ். மடியில் புட்டும் மீன்பொரியலும். பிள்ளை முழு இரவும் தூங்கவில்லை, ஜன்னல் கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஒரு ஹோட்டல் மண்டபம். ஒரு மூலையில் படம் எடுக்க வெள்ளைத் திரை கட்டியிருந்தார்கள். என் கண் முதலில் அங்கேதான் போனது. பொப்ளின் துணி. வெட்டிய இடத்தில் கரை மடித்துத் தைக்கவில்லை, நூல் தொங்கிக்கொண்டிருந்தது. உடுப்புக் கவ்விகள் இரண்டில் தொங்கியது திரை. உலகப் புகழ் வாங்கித் தருகிறவர்கள் ஒரு முழத் துணிக்குக் கரை அடிக்கவில்லையே என்று எனக்குள் ஒரு நெருடல். எங்களுக்கு முன்னால் நாற்பத்திரண்டு பேர். உயரமானவர்கள், குட்டையானவர்கள், அழகானவர்கள், பயந்தவர்கள். உள்ளே போனவர்கள் எல்லோரும் ஒரே சிரிப்போடு வெளியே வந்தார்கள். எல்லோரும் தெரிவாகிவிட்டார்கள்!

எங்கள் முறை வந்தது. கோட்டு அணிந்த ஒரு தம்பி. பிள்ளையை இரண்டு முறை திரும்பச் சொன்னான், அபாரம் என்றான். போர்ட்ஃபோலியோ என்றான், அதாவது படத்தொகுப்பு. அறுபத்தையாயிரம். அவர்களுடைய படப்பிடிப்பாளர்தான் எடுக்கவேண்டும், வேறு யாருடைய படமும் செல்லாது. இன்று கட்டினால் அறுபத்தையாயிரம், நாளைக்கு என்றால் தொண்ணூறாயிரம். நான் பற்றுச்சீட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன். எங்கள் ஊர்ப் புத்தகக் கடையில் கிடைக்கும் அதே புத்தகம். மேலே இருந்த தாளின் இலக்கம் ஏழு. நாற்பத்து மூன்றாவது ஆளுக்கு ஏழாம் இலக்கப் பற்றுச்சீட்டா?

"தம்பி, இதுவரை எத்தனை பேரைத் தெரிவு செய்யவில்லை?" என்று கேட்டேன்.

அவன் என்னை அப்போதுதான் பார்த்தான். "அம்மா, இங்கே வந்தவர்கள் எல்லோரும் ஏற்கெனவே தெரிவானவர்கள்" என்றான்.

"அப்படியானால் இன்றைக்கு எதற்கு நேர்முகத் தேர்வு?"

அதற்குப் பதில் இல்லை. "படப்பிடிப்பு அறைக்குள் தாய்மார் வரக்கூடாது, பிள்ளைகள் வெட்கப்படுவார்கள். நீங்கள் இந்தப் புடவையோடு வெளியே இருங்கள்" என்றான். இந்தப் புடவையோடு! அன்று நான் உடுத்தியிருந்தது மருதமுனைக் கைத்தறி. குழித்தறியில் காலை விட்டுக்கொண்டு ஒருவர் நாட்கணக்கில் இருந்து நெய்தது. தங்கையின் கை அதற்குள் பைக்குள் போய், காசு சுற்றியிருந்த பொலித்தீனை அவிழ்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கையைப் பிடித்தேன். "வாவியில் போட்டாலும் அளந்து போடு" என்றேன். அவளுக்கும் அம்மம்மாதானே. எழுந்துவிட்டாள்.

இரவு ரயிலில் பொலன்னறுவை தாண்டும் வரை பிள்ளை அழுதாள். வாழைச்சேனையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு பசிக்கிறது என்றாள். மூவாயிரம் திரும்பி வரவில்லை. மூன்று கிழமைக்குள் அந்தத் தொலைபேசி இலக்கமும் செத்துவிட்டது. தோட்டை வட்டியோடு மீட்டோம்.

தலைவர் முதல் மணியை அடித்துவிட்டார். சரி, படம்.

ஆரம்பத்தில் ஒரு பிள்ளைக்குப் பெரிய படத்தொகுப்பு எதுவும் தேவையில்லை. பெயர் பெற்ற முகவர்களே முதலில் கேட்பது சாதாரணப் படங்களைத்தான். பகல் வெளிச்சம், வெறும் சுவர், முகத்தில் பூச்சு இல்லை, முடி முகத்தை மறைக்கக்கூடாது. நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, இடுப்பு வரை ஒன்று, தலை முதல் கால் வரை ஒன்று. ஒரு டீசேர்ட்டும் ஜீன்ஸும் போதும். தொலைபேசியிலேயே எடுக்கலாம். உயரத்தை உள்ளபடி எழுதுங்கள். வெளிநாட்டு மேடை நடைக்குப் பெண்களிடம் பெரும்பாலும் ஐந்தடி ஒன்பது அங்குலத்தை எதிர்பார்ப்பார்கள். ஐந்தடி மூன்று அங்குலப் பிள்ளையிடம் "பாரிஸ் மேடை" என்று ஒருவன் சொன்னால், அவன் பிள்ளையைப் பார்க்கவில்லை, தாயின் தோட்டைப் பார்க்கிறான். ஆனால் விளம்பரம், உடுப்புப் பட்டியல், நகை, சவர்க்காரம், தேயிலை, இவற்றுக்கு எல்லா உயரமும் வேண்டும், எல்லா நிறமும் வேண்டும்.

பிள்ளைகளுக்கு ஒன்று. நீச்சலுடையில் படம் அனுப்பு, உடல் அளவைப் பார்க்கவேண்டும் என்று வட்ஸ்அப்பில் எவன் கேட்டாலும் அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டீர்களா? அவன் மிரட்டுகிறானா? காசு கொடுக்காதீர்கள், ஒரு தடவை கொடுத்தால் மறுபடியும் கேட்பான். செய்திகளை அழிக்காதீர்கள், அவைதான் சாட்சி. அன்றைக்கே அம்மாவிடம் சொல்லுங்கள். தாய்மாருக்கு ஒன்று. பிள்ளை வந்து சொல்லும்போது கையை ஓங்காதீர்கள். ஓங்கினால் அடுத்த தடவை அவள் உங்களிடம் சொல்ல மாட்டாள், அந்த மிரட்டுகிறவனுக்கே காசு தேடிக் கொடுப்பாள். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929. எழுதிக்கொள்ளுங்கள். வண்ணக்கர் ஐயா எழுதுகிறார், மற்றவர்களும் எழுதலாம். வெளிநாட்டில் மொடல் வேலை என்று விமான டிக்கெட் காட்டினால் 1989, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம். அனுப்புகிறவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று அங்கே கேட்டுவிட்டுத்தான் கடவுச்சீட்டைக் கையில் எடுக்கவேண்டும்.

தாள் பற்றி நிறையச் சொல்ல இருந்தது. சுருக்கமாக: ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து வாசிக்க விடாதவரோடு ஒப்பந்தம் வேண்டாம். படம் எங்கே, எத்தனை காலம் பயன்படும் என்று அதில் இருக்கவேண்டும். கம்பனி பதிவு செய்யப்பட்டிருக்கிறதா என்று கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தில் பார்க்கலாம். ஆனால் பதிவு என்பது பதிவு மட்டுமே, நற்சான்றிதழ் இல்லை. "இன்ன கடைக்கு நாங்கள்தான் மொடல் கொடுத்தோம்" என்றால் அந்தக் கடைக்கே நேரில் போய்க் கேளுங்கள். அதற்குச் செலவு பஸ் கட்டணம் மட்டும்தான்.

வயது. நம் நாட்டில் 2021இல் வேலைக்கான குறைந்த வயதைப் பதினான்கிலிருந்து பதினாறாக உயர்த்தினார்கள். பெரிய நாகரிகப் பத்திரிகைகளை வெளியிடும் ஒரு சர்வதேச நிறுவனம், பதினெட்டு ஆகாதவர்களை மொடல்களாகப் படம் பிடிக்க மாட்டோம் என்று 2018இல் அறிவித்தது. ஆகவே பதினைந்து வயதுப் பிள்ளையிடம் "இப்போதே வா, வயது போய்விடும்" என்று அவசரப்படுத்துகிறவனிடம் ஒன்று கேளுங்கள்: உலகமே பொறுத்திருக்கிறது, உனக்கு என்ன அவசரம்?

இனி, நான் சொல்வேன் என்று சொன்ன விடயம். தலைவர் சிரிக்கிறார்.

அந்தப் பிள்ளைக்கு ஆசை போகவில்லை. ஏன் போகவேண்டும்? ஆசை அவளுடையது, ஏமாற்று அவர்களுடையது. அதே காலத்தில் மருதமுனையில் எனக்குத் தெரிந்த நெசவுக்குடும்பம் ஒன்று புடவைகளை வட்ஸ்அப்பில் விற்க முயன்றுகொண்டிருந்தது. 2004 சுனாமியில் தறி, பாவு, நூல் எல்லாவற்றையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு மறுபடி தொடங்கிய குடும்பம். படம் எப்படி? மடித்த புடவையைச் சீமெந்துத் தரையில் வைத்து, மேலே நின்று, தன் கால் பெருவிரலும் விழும்படி ஒரு படம். அதை யார் வாங்குவார்? புடவை உடலில் எப்படி விழுகிறது, முந்தானை எங்கே நிற்கிறது, கரை நடக்கும்போது எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் பெண்கள் வாங்குவார்களா?

ஒரு சனிக்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனேன். தறிக்கொட்டிலின் வெள்ளையடித்த சுவர். நாவல் நிறப் புடவை, பச்சைக் கரை. தாய் வாங்கில் இருந்தாள். என்னுடைய தொலைபேசியில்தான் எடுத்தோம். கொப்பித் தாள் ஒன்றில் எழுதினோம்: பன்னிரண்டு படங்கள், புடவை விற்பதற்கு மட்டும், ஒரு வருடம், கூலி ஒரு புடவை. தாயும் நெசவாளரும் கையெழுத்து வைத்தார்கள். அன்று இரவே அந்தப் புடவை விற்றது, அதே நிறத்தில் இன்னும் மூன்று நெய்யச் சொல்லி அழைப்பு வந்தது. பிள்ளை அறுபத்தையாயிரம் கட்டவில்லை, கூலி வாங்கிக்கொண்டு வந்தாள். முதல் கூலி! அதை உடுத்திக்கொண்டுதான் இன்று வந்திருக்கிறாள். எழுந்து நில் மகள். வெட்கப்படாதே. பார்த்தீர்களா அந்தக் கரையை?

பிரதேச செயலாளர் அவர்களிடம் இந்த மேடையிலேயே கேட்டுவிடுகிறேன். அரச விழாக்களில் போர்த்தும் பொன்னாடைகளை நம் தறிகளிலிருந்து எடுக்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை, அது முடியாவிட்டால் ஒரு வாய்ச்சொல். வாவியில் போட்டாலும் அளந்து போடு என்கிறோம். நம் விழாக்களில் தோளில் போடுவதையும் கொஞ்சம் அளந்து போடலாமே. மாதர் சங்கத் தலைவி தலையாட்டுகிறார். பொருளாளர் இன்னும் ஆட்டவில்லை.

இரண்டாவது மணி. படிப்பைப் பற்றி அதிபர்கள் பேசட்டும், என்னைவிட நன்றாகப் பேசுவார்கள்.

வருகிற சனிக்கிழமை காலை எட்டரைக்கு, வெயில் ஏறுவதற்கு முன், நெசவு நிலையத்துக்கு வாருங்கள். பதினாறு முடிந்த பெண்பிள்ளைகளும் பையன்களும். சாரங்களும் இருக்கின்றன, பையன்கள் நழுவ வேண்டாம். முகத்தில் ஒன்றும் பூச வேண்டாம். தாயோ தந்தையோ கட்டாயம் கூட வரவேண்டும், பகல் சாப்பாடு அவரவர் கொண்டுவரவேண்டும். கட்டணம் இல்லை. பெற்றோர் இருக்கும் வாங்குக்கு மேலே வெயில் அடிக்கும். இந்தப் பொன்னாடையை அங்கே மறைப்பாகக் கட்டிவிடுகிறேன், பொருளாளர் கோபிக்கக்கூடாது. கரை அடித்துத்தான் கட்டுவேன்.