இடுப்போரத்து வலி

நேயர்களுக்கு வணக்கம். தைப்பூசம் முடிந்து, பழனிக்குப் பாதயாத்திரை போனவர்கள் ஊர் திரும்பியதும் காரைக்குடியில் எங்களைப் போன்ற எலும்பு மருத்துவர்களிடம் கூட்டம் கூடும். பெரும்பாலும் கால் கொப்புளம், முழங்கால் வலி. ஒரு வாரத்தில் சரியாகிவிடும். அந்தக் கூட்டத்தில் ஐம்பது, அறுபது வயதைத் தாண்டிய பெண்கள் சிலர் இருப்பார்கள். இடுப்பின் பக்கவாட்டில் ஒரு விரலை ஊன்றி, "இந்த இடந்தான் தம்பி. ராத்திரி இந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுக்க முடியலை" என்பார்கள். அந்த ஒரு விரல் தொடும் இடத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

நீங்களே உங்கள் இடுப்பின் ஓரத்தில் கையை வைத்து அழுத்திப் பாருங்கள். தொடை எலும்பின் மேடு ஒன்று தட்டுப்படும். பிட்டத்தின் உள்ளே இருக்கும் இரண்டு தசைகள், தசைநாண்களாகக் குவிந்து அந்த மேட்டில்தான் வந்து ஒட்டுகின்றன. ஒரு காலைத் தூக்கி அடுத்த அடி வைக்கும்போது, ஊன்றிய காலின் பக்கத்திலிருந்து இடுப்பைச் சரியவிடாமல் பிடித்திருப்பவை அவைதான். கல்யாண வீட்டுப் பந்தல்காலை முளையடித்து இழுத்துக் கட்டிய கயிறு மாதிரி. அந்தக் கயிறு முளையில் உரசி உரசி இழை இழையாக நைந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கேயும் அப்படித்தான். விழுந்து அடிபட்டுக் கிழிவது குறைவு; வருடக்கணக்கில் நைந்து, பிறகு பிய்வதுதான் அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கே இது கூடுதலாக வருகிறது.

நான் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், பக்கத்து ஊரிலிருந்து ஓர் ஆச்சி வந்தார். இடுப்போரத்தில் வலி, தொடை வழியாக முழங்கால் வரை இறங்குகிறது என்றார். முதுகுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தேன். முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டு லேசாகப் பிதுங்கியிருந்தது. அந்த வயதில் யாருக்கு எடுத்தாலும் அது தெரியும். நரம்பு அழுந்துகிறது என்று சொல்லி, இரண்டு வருடம் மாத்திரை கொடுத்தேன். ஒருநாள் அவர் வீட்டுக்குப் போக நேர்ந்தது. முகப்புத் திண்ணைக்கு உயரமான கல் படிகள். ஆச்சி தூணைப் பிடித்துக்கொண்டு ஏறினார். ஒவ்வொரு படிக்கும் உடம்பு முழுவதும் வலப்பக்கமாகச் சாய்ந்தது. முதுகு வலிக்காரர் அப்படி ஏற மாட்டார். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அந்தச் சாய்வுக்குப் பின்னால் இருக்கும் அடையாளத்தை 1895இலேயே ஜெர்மனியின் அறுவை மருத்துவர் டிரெண்டலென்பர்க் விவரித்திருக்கிறார். நோயாளியை ஒற்றைக்காலில் நிற்கச் சொல்வோம். தசை பலமில்லை என்றால் தூக்கிய காலின் பக்கம் இடுப்பு கீழே இறங்கும். அரை நிமிடம் நிற்பதற்குள் ஓரத்தில் வலி வந்தாலும் சந்தேகப்பட வேண்டும். இதற்கு ஒரு செலவும் இல்லை.

சரி, படம் எடுத்தால் என்ன தெரியும்? சாதாரண எக்ஸ்ரேயில் அந்த எலும்பு மேட்டின் விளிம்பு 2 மி.மீ.க்கு மேல் கரடுமுரடாக இருந்தால், தசைநாணில் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். அப்புறம் எம்.ஆர்.ஐ. அதில் நல்ல தசைநாண் கரிய பட்டையாகத் தெரியும். கிழிந்த இடத்தில், நீரைக் காட்டும் படங்களில், எலும்பு மேட்டுக்குச் சற்று மேலே வெள்ளையாக நீர் கோத்திருக்கும். நாண் மேல்நோக்கிச் சுருங்கிப் போயிருந்தால் அந்த இடைவெளியும் தெரியும். முன்பக்கத்துத் தசையொன்று, அடுத்தவன் வேலையையும் சேர்த்துச் செய்து பருத்திருப்பதும் உண்டு. ஆனால் நான் முதலில் தேடுவது வேறு. நல்ல தசை படத்தில் சீரான சாம்பல் நிறம். வேலையிழந்த தசைக்குள் கொழுப்பு புகுந்து வெள்ளைக் கீற்றுகளாக ஓடும். எவ்வளவு கீற்று என்பதை வைத்துத்தான் அறுவையின் பலனைக் கணிக்கிறோம்.

அந்த எலும்பு மேட்டின் மேல் மெத்தை மாதிரி ஒரு சிறு நீர்ப்பை உண்டு. முன்பு இந்த வலிக்கெல்லாம் நீர்ப்பை வீக்கம் என்று பெயர் சூட்டி ஊசி போட்டு அனுப்புவார்கள். 2001இல் வெளிவந்த ஓர் ஆய்வில் இந்த வலியுள்ள 24 பெண்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். 11 பேருக்குத் தசைநாண் கிழிந்திருந்தது. நீர்ப்பை வீக்கம் 2 பேருக்குத்தான்.

நைந்த நிலையில் வருகிறவர்களுக்குக் கத்தி வேண்டாம். ஆஸ்திரேலியாவில் 204 பேரை மூன்றாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு 2018இல் வந்தது. எட்டு வாரத்தில், முறையாகப் பயிற்சி செய்தவர்களில் 77 சதவீதம் பேர் தேறியதாகச் சொன்னார்கள். ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களில் 58. சும்மா இருந்தவர்களில் 29. ஒரு வருடம் கழித்தும் பயிற்சிதான் முன்னால் நின்றது. வீட்டுப் பழக்கத்திலும் சிலவற்றை மாற்ற வேண்டும். பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்து ஒரு பக்கமாக ஒடிந்து நிற்காதீர்கள். காலுக்கு மேல் கால் போட்டு உட்காராதீர்கள். தரையில் பாய் மட்டும் விரித்து வலிக்கிற பக்கம் படுக்காதீர்கள். மறுபக்கம் படுத்து, முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வையுங்கள். வேண்டாம் என்று சொன்ன மூன்றும் நாணை எலும்போடு வைத்து நசுக்குகிற நிலைகள்.

முழுதாகக் கிழிந்து, நடை சாய்ந்து, மாதக்கணக்கில் பயிற்சி செய்தும் தேறாதவர்களுக்குத்தான் அறுவை. நாணை இழுத்து, நூல் கோத்த சிறு திருகுகளால் எலும்பில் மறுபடி கட்டுகிறோம். திறந்தும் செய்யலாம், சிறு துளை வழியாகக் கேமரா வைத்தும் செய்யலாம். இரண்டிலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான், துளை வழியில் சிக்கல் சற்றுக் குறைவு. பல நேரம் கிழிசல் நாணின் அடிப்பக்கத்தில் இருக்கும். மேலே பார்த்தால் முழுசாகத் தெரியும், விரலால் அழுத்தினால்தான் உள்ளே தொளதொளவென்று இருக்கும். படத்தைச் சரியாகப் பார்க்காமல் உள்ளே போகிறவர் ஏமாந்துவிடுவார்.

அதன் பிறகு ஏறத்தாழ ஆறு வாரம் வாக்கர். காலை மொத்தமாக ஊன்றக் கூடாது, தானாகப் பக்கவாட்டில் தூக்கவும் கூடாது. இந்த ஆறு வாரத்தில் அவசரப்பட்டால் கட்டியது பிய்ந்துவிடும். வலி பெரும்பாலானவர்களுக்கு நன்றாகக் குறைகிறது. பலம் திரும்புவதுதான் மெதுவாக, ஒரு வருடம்கூட ஆகும். தசை பாதிக்கு மேல் கொழுப்பாகிவிட்டிருந்தால், நாணை எவ்வளவு அழகாகக் கட்டினாலும் இழுக்க ஆள் இல்லை.

என் ஆச்சிக்கு அதுதான் நடந்தது. நான் வீணாக்கிய இரண்டு வருடத்தில் தசையில் பாதி வெளுத்திருந்தது. அறுவை செய்தோம். இப்போது வலப்பக்கம் ஒருக்களித்து நிம்மதியாகத் தூங்குகிறார். படியேறும்போது மட்டும் கை இன்னமும் அந்தத் தூணைத் தேடுகிறது.

வணக்கம்.