எல்லோருக்கும் ஒரே விதி: பிறகு பாகுபாடு எங்கே?

[திரையில்: வேலைவாய்ப்பு விளம்பரம் ஒன்று]

"விதி எல்லோருக்கும் ஒன்றுதானே, இதில் பாகுபாடு எங்கிருந்து வந்தது?" சமவாய்ப்புச் சட்டங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதற்கு 1971-இல் பதில் சொன்னது.

[திரையில்: அனல்மின் நிலையத்தின் பழைய படம்]

வட கரோலினா மாநிலத்தில் டியூக் பவர் நிறுவனத்தின் டான் ரிவர் மின் நிலையம். அங்கே ஐந்து பிரிவுகள். கறுப்பினத்தவரைச் சேர்த்துக்கொண்டது கூலி வேலைப் பிரிவில் மட்டும். அந்தப் பிரிவின் உச்சச் சம்பளம்கூட மற்ற நான்கு பிரிவுகளின் அடிமட்டச் சம்பளத்தைத் தொடவில்லை. 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் இதைத் தடைசெய்தது. அதன் வேலைவாய்ப்புப் பகுதி 1965 ஜூலை 2 அன்று நடைமுறைக்கு வந்தது.

நிறுவனம் புதிய தேர்வுகளை அறிவித்ததும் அதே ஜூலை 2-இல்தான்! நல்ல பிரிவுகளில் புதிதாகச் சேர உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் வேண்டும். இரண்டு திறனறித் தேர்வுகளிலும் தேற வேண்டும். நிறத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது.

[திரையில்: 34%, 12%]

1960 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அம்மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளியை முடித்திருந்த வெள்ளையின ஆண்கள் 34 சதவீதம். கறுப்பின ஆண்கள் 12 சதவீதம். விதி யாரை வடிகட்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வழக்கின் உயிர்நாடி வேறொன்று. சான்றிதழ் இல்லாமல் முன்பே சேர்ந்த வெள்ளையர்கள் அதே பிரிவுகளில் குறையில்லாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படியானால் அந்தச் சான்றிதழ் எதைத்தான் அளந்தது?

தீர்ப்பு எழுதிய தலைமை நீதிபதி வாரன் பர்கர், கொக்குக்கும் நரிக்கும் பால் வைத்த கதையை நினைவுபடுத்தினார். பாத்திரம் யாருடைய வாய்க்கு எட்டுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு தகுதி குறிப்பிட்ட பிரிவினரை ஒதுக்குகிறது என்றால், அது வேலைக்குத் தேவையானது என்று காட்டும் பொறுப்பு நிறுவனத்துடையது. 'எங்கள் மனதில் கெட்ட எண்ணம் இல்லை' என்பது பதிலாகாது. சட்ட உலகில் இதற்கு மறைமுகப் பாகுபாடு என்று பெயர்.

[திரையில்: இந்திய உச்ச நீதிமன்றம்]

ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2021 மார்ச் மாதம், இந்திய உச்ச நீதிமன்றமும் இந்தத் தீர்ப்பை எடுத்துப் பேசியது. வழக்குத் தொடர்ந்தவர்கள் ராணுவப் பெண் அதிகாரிகள். நிரந்தரப் பணிக்கான உடற்தகுதி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. ஆனால் ஆண்கள் அந்தச் சோதனைக்கு நின்றது பணியின் ஐந்தாவது அல்லது பத்தாவது ஆண்டில், இளம் வயதில். பெண்களுக்குக் கதவு தாமதமாகத் திறந்ததால், பலர் நாற்பதைக் கடந்த பிறகு அதே அளவுகோலுக்கு நிற்க நேர்ந்தது. இன்னொரு கொடுமை, அவர்களுடைய பழைய ரகசிய அறிக்கைகள், அதாவது அவர்களின் பணியை மதிப்பிட்டு மேலதிகாரிகள் எழுதும் குறிப்புகள். பெண்களுக்கு நிரந்தரப் பணியே கிடையாது என்றிருந்த காலத்தில் மேலதிகாரிகள் அவற்றை ஏனோதானோ என்று எழுதியிருந்தார்கள். அதே மதிப்பெண்கள் பின்னாளில் தராசில் ஏறின. இது பாகுபாடுதான் என்றது நீதிமன்றம். உடற்தகுதியையும் அந்த ஐந்தாவது, பத்தாவது ஆண்டு நிலவரப்படியே பார்க்க உத்தரவிட்டது.

எல்லா வடிகட்டலும் குற்றம் என்று இதற்குப் பொருளில்லை. விமானிக்குப் பார்வைச் சோதனை வைப்பதை யாரும் எதிர்க்கப் போவதில்லை.

இந்தியாவின் நிலையில் ஓர் ஓட்டை இருக்கிறது. அந்தத் தீர்ப்பு ஊன்றி நின்ற அரசமைப்புச் சட்டத்தின் 14, 15-ஆவது பிரிவுகள் பெரும்பாலும் அரசைத்தான் கட்டுப்படுத்துகின்றன. தனியார் நிறுவனங்களையும் சேர்த்துப் பிடிக்கும் முழுமையான சமத்துவச் சட்டம் இங்கே இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் போன்ற சில தனிச் சட்டங்கள் மட்டுமே உண்டு. அதில் பாகுபாட்டுக்குத் தரப்பட்டுள்ள விளக்கம், நோக்கத்தோடு விளைவையும் கணக்கில் எடுக்கிறது.